பதினாறு சென்டிமீட்டர் பொண்டாட்டி

என் பொண்டாட்டி செல்லக்கிளி ஒரு நாளும் காணாமல் போனவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சர்க்கார் கம்ப்யூட்டரில் அவள் காணாமல் போய், தீவிரமாகத் தேடப்பட்டு, வைகைப் பாலத்துக்கு அடியில் மீட்கப்பட்டவள். மேடையில் வைத்து எனக்கு அவளைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். போர்த்திய பொன்னாடை வீட்டில் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

காணாமல் போனது அவளுடைய செல்போன்.

எங்களுக்கு டி. கல்லுப்பட்டிக்குப் பக்கம். என் அப்பன் காலம் முட்டும் அடுத்தவன் காட்டில்தான் பாடு. என் காலத்தில் கொஞ்சம் நிலம் நமக்கென்று ஆனது. மக்காச்சோளம் போட்டிருந்தோம். அதைக் காயவைக்கத் தார்ப்பாய் வாங்க நானும் செல்லக்கிளியும் மதுரை சிம்மக்கல்லுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் அவள் இடுப்பில் இருந்தது. கடைக்காரரிடம் பேசி முடித்து, தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் வைக்கும்போது இல்லை.

போனால் போகிறது என்று விட்டிருப்பேன். விடமுடியாத காரணம் ஒன்று இருந்தது. மகள் சரண்யாதேவி நர்சுக்குப் படித்து, சர்க்கார் ஆஸ்பத்திரி வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு என்றைக்கு, எங்கே வரவேண்டும் என்று ஒரு மெசேஜ் வரும். அன்றைக்குப் போகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அந்த மெசேஜ் வரவேண்டியது அம்மாவின் நம்பருக்கு. ஆஸ்டலில் இருந்த காலத்தில் இவள் சிம்மை மாற்றிக்கொண்டே திரிந்ததால், மாறாத நம்பர் அம்மாவுடையதுதான் என்று அதையே எழுதிக் கொடுத்திருந்தாள்.

வெப்சைட்டிலும் பார்க்கலாமாம். பார்க்கப் போனால் ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி காணாமல் போன போனுக்குத்தான் போகும். சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டுகிறவனை எங்கள் ஊரில் கிறுக்கன் என்போம். சென்னையில் அவனுக்கு இன்ஜினியர் என்று பேர்.

"அண்ணே, இதுக்குன்னே ஒரு ஆபீஸ் தொறந்திருக்காக. பாலத்துக்குப் போற வழியில. தொலைஞ்சது எதுன்னாலும் ஒரே எடம்" என்றார் தார்ப்பாய்க் கடைக்காரர்.

"நீங்க போயி எழுதிக் குடுங்க. நான் இங்கன கீரைக்காரிக கிட்ட வெசாரிக்கிறேன்" என்றாள் செல்லக்கிளி. அவள் ஆபீஸ் என்றால் வாசலைக்கூட மிதிக்கமாட்டாள். அவளை மாதிரி நானும் மிதிக்காமல் இருந்திருக்கலாம்.

'காணாமல் போனவை கண்டறியும் ஒருங்கிணைந்த மக்கள் சேவை மையம்' என்று பலகை எழுதியிருந்தது. சிம்மக்கல்காரர்கள் அதைக் காணாம ஆபீஸ் என்கிறார்கள். மனுசன், மாடு, பத்திரம், போன் எல்லாவற்றுக்கும் ஒரே சன்னல். முன்னே நாலு ஆபீசுக்கு அலையவிட்டார்கள். இப்போது மக்கள் நன்மைக்காக ஒரே ஆபீசுக்குள் அலையவிடுகிறார்கள்.

சன்னலுக்குப் பின்னால் ரோகிணி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண் கம்ப்யூட்டரில் இருந்தது. வெகுநேரத்துக்கு அது வேறெங்கும் போகவில்லை.

"சொல்லுங்க பெரியவரே."

"எம் பொண்டாட்டி செல்லக் காணோம்மா."

"பேரு?"

"அவ பேரா? செல்லக்கிளி."

"செல்லக்கிளி. கூப்பிடுறது செல்லம். சரி. நெறம்?"

"கறுப்பு. நல்ல கறுப்பு."

"மேல?"

"நீலத்துல ஒரு உறை."

அவள் தட்டினாள். உறை என்று நான் சொன்னது உடை என்று உள்ளே போனது எனக்குத் தெரியாது.

"அடையாளம்?"

"மூஞ்சியில குறுக்க ஒரு கீறல். போன தீவாளிக்குக் கீழ விழுந்துச்சு. பின்பக்கம் லேசா உப்பியிருக்கும்."

"எத்தனை வருசமா உங்ககூட இருக்கு?"

"நாலு வருசம் இருக்கும். இதுக்கு முன்ன ஒண்ணு இருந்துச்சு. அது தண்ணித் தொட்டியில விழுந்து போயிருச்சு."

"அதுக்கு இங்க மனு குடுத்தீங்களா?"

"இல்லம்மா. அப்ப இந்த ஆபீஸ் ஏது?"

"உயரம்?"

"ஒரு சாணுக்குக் கொஞ்சம் கொறச்சல்."

அவள் கை நின்றது. இப்போதாவது நிமிர்வாள் என்று பார்த்தேன். "சாண்லாம் இதுல எடுக்காது. சென்டிமீட்டர்ல சொல்லுங்க" என்றாள். கையை விரித்துக் காட்டினேன். மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து நான் காட்டிய அளவை வைத்துப் பார்த்துப் பதினாறு என்று போட்டுக்கொண்டாள்.

"நீங்களாத் தேடிப் பாத்தீங்களா?"

"பாக்காம? எம் பட்டன் போன எடுத்து, அடிச்சேன். விடாம அடிச்சேன். மொதல்ல நல்லா சத்தம் வந்துச்சு. பெறகு பேச்சுமூச்சே இல்ல."

"நீங்க மட்டுமா அடிச்சீங்க?"

"மகளும் அடிச்சா. தார்ப்பாய்க் கடைக்காரரும் அவரு பங்குக்கு அடிச்சாரு. நல்ல மனுசன்."

அப்போதுதான் அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"பெரியவரே, அடிச்சது எங்க செக்ஷன்ல வராது. அதுக்கு ரெண்டாவது மாடி. இங்க காணாமப் போனது மட்டும்தான். ரெண்டையும் ஒரே மனுவுல கலந்து குடுத்தா ஆடிட்ல கேப்பாங்க."

"எனக்குக் காணாமப் போனது கெடைச்சாப் போதும்மா."

"அப்ப சரி" என்று ரசீதை நீட்டினாள். போன் அடித்ததற்குத் தனி மாடி வைத்திருக்கிறார்களே, அம்புட்டு வேலையா என்று வியந்துகொண்டே வந்தேன்.

சாயங்காலம் வீட்டில் சரண்யாதேவி ரசீதை வாங்கிப் படித்தாள். பாதியில் சிரித்தாள். முடிக்கும்போது சிரிக்கவில்லை.

"அப்பா, அம்மாவக் காணோம்னா எழுதிக் குடுத்தீக?"

"போனைத்தான் சொன்னேன். செல்லக் காணோம்னேன்."

"செல்லத்தைக் காணோம்னு எழுதியிருக்கு. கேளுங்க. பெண். செல்லக்கிளி என்ற செல்லம். நல்ல கறுப்பு. நீல உடை. முகத்தில் தழும்பு. பின்பக்கம் வீக்கம். உயரம் பதினாறு சென்டிமீட்டர். கணவர், மகள், கடைக்காரர் ஆகியோர் தொடர்ந்து அடித்ததில் பேச்சுமூச்சு நின்ற பின் காணவில்லை. முதல் மனைவி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது குறித்து மனு எதுவும் இல்லை."

செல்லக்கிளி என்னைப் பார்த்தாள்.

"நல்ல கறுப்புன்னா சொன்னீக?"

"அடியே, போனச் சொன்னேன்டி!"

"கறுப்புன்னு நிப்பாட்ட வேண்டியதுதான? 'நல்ல' எதுக்கு?"

மறுநாள் மூன்று பேரும் போனோம். ரோகிணி எங்களை உள்ளே அனுப்பினாள். உள்ளே வெங்கடேஷ்பாபு என்று ஒருவர். மண்டல மீட்பு ஒருங்கிணைப்பாளர். வெயிலுக்குப் பயந்த முகம், அயர்ன் கலையாத சட்டை. பின்னால் சுவரில் 'பிழையில்லா அலுவலகம்' என்று ஒரு விருது தொங்கியது. கொடுத்தது யார் என்று பார்த்தேன். அவர்களேதான்.

"சார், எழுதினது தப்பு. எம் பொண்டாட்டி காணாமப் போகல. இந்தா நிக்கிறா. காணாமப் போனது போனு" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். செல்லக்கிளியைப் பார்த்தார். மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஆளை மாத்திக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

"என்னது?"

"இவங்க அஞ்சடி இருக்காங்க. காணாமப் போனவங்க பதினாறு சென்டிமீட்டர்."

"அம்புட்டுக்காணு பொம்பளை ஒலகத்துல உண்டா சார்?"

"உண்டா இல்லையாங்கிறதுக்குள்ள நான் போக முடியாது. கம்ப்யூட்டர் ஏத்துக்கிச்சு. ஏத்துக்கிட்டா உண்டு."

செல்லக்கிளிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, எதுத்தாப்புல நிக்கிறவளப் பாத்து நீ இல்லங்கிறியே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அம்மா, காணாமப் போனவங்க குறுக்க பேசக் கூடாது. மனுதாரர் பேசட்டும்."

சரண்யாதேவி படித்தவள் அல்லவா, பதவிசாகக் கேட்டாள்: "சார், அந்த மனுவை ரத்து பண்ணிடுங்க. போனுக்குப் புதுசா ஒண்ணு குடுத்துக்கிறோம். எனக்கு வேலை மெசேஜ் அதுலதான் வரணும்."

வெங்கடேஷ்பாபு நாற்காலியில் சாய்ந்தார். மைக் இல்லாத இடத்திலும் மேடையில் பேசுகிறவர் என்று அப்போது தெரிந்தது.

"தங்கச்சி, இந்த மையம் தொடங்கின நாள்ல இருந்து ஒரு மனுவக்கூட நாங்க ரத்து செஞ்சதில்ல. ரத்து செஞ்சா என்ன அர்த்தம்? தப்பா எழுதியிருக்கோம்னு அர்த்தம். தப்பா எழுதாத ஆபீஸ்னு அந்தா விருது மாட்டியிருக்கோம். அதை யாரு கழட்டுறது? காணாமப் போனதாப் பதிஞ்சாச்சு. இனிமே கண்டுபிடிச்சதாத்தான் முடியணும். ஒரு குடும்பத்துக்கு ஒரு நேரத்துல ஒரு மனுதான். அம்மா கிடைக்காம போனுக்கு மனு வாங்க வழியில்ல."

"அப்பக் கெடைச்சுட்டான்னு எழுதுங்க" என்றேன்.

"எப்படிய்யா எழுதறது? தானா வந்து நிக்கிறாங்க. நாங்க தேடிக் கண்டுபிடிச்சாத்தான் கணக்கு. தானா வர்றவங்களால எங்களுக்கு என்ன பிரயோசனம்? எல்லாரும் இப்படித் தானா வீட்டுக்கு வந்துட்டா, நாளைக்கு இந்த ஆபீசு எதுக்குன்னு கேப்பான். இங்க முப்பது குடும்பம் பொழைக்குது. காணாமப் போறவங்களும் கொஞ்சம் பொறுப்பா நடந்துக்கணும்."

அங்கிருந்து சிம் விற்கும் கடைக்குப் போனோம். தொலைந்த நம்பருக்கே புது சிம் தருவார்கள், காணாம ஆபீஸ் ரசீது இருந்தால் போதும் என்று சொன்னார்கள். ரசீதைக் கொடுத்தோம். கடைப்பெண் வாங்கிப் பார்த்தாள்.

"சிம் யாரு பேருல இருக்கு?"

"எம் பேருலதான் தாயி" என்றாள் செல்லக்கிளி.

"நீங்க காணாமப் போயிருக்கீங்களேம்மா. காணாமப் போனவங்க பேர்ல சிம் குடுத்தா எங்க லைசென்ஸ் போயிடும். கிடைச்சப்புறம் வாங்க."

வாசலுக்கு வந்ததும் செல்லக்கிளி பஸ் வருகிற திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்கு நெசமாவே எங்கயாவது போயிருக்கலாம்" என்றாள்.

மகள் சும்மா இருக்கவில்லை. அவளுடைய போனில் என்னத்தையோ தட்டி, தொலைந்த போன் எங்கே இருக்கிறது என்று படம் காட்டும் வித்தையைக் கண்டுபிடித்தாள். படத்தில் மதுரை தெரிந்தது. வைகை தெரிந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது.

"அப்பா, இது காணாம ஆபீசு."

மறுபடி போனோம். புள்ளியை வெங்கடேஷ்பாபுவிடம் காட்டினோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க ஆபீசுக்குள்ள இருக்குன்னு சொல்றீங்களா? இருக்க வாய்ப்பே இல்ல. வெளிய எங்க தொலைஞ்சாலும் ஒருவேளை கிடைக்கும். இந்த ஆபீசுக்குள்ள வந்த பொருள் இதுவரைக்கும் கிடைச்சதே இல்ல."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. அவர் முழங்கைக்குப் பக்கத்திலிருந்த எவர்சில்வர் தட்டில் போன் இருந்தது. நீல உறை. குறுக்கே கீறல். சார்ஜ் வயர் மாட்டியிருந்தது.

நடந்தது இதுதான். தார்ப்பாய்க் கடை வாசலில் கீரை விற்கிற இருளாயி, அன்றைக்கே தன் கீரைக்கட்டுகளுக்கு நடுவில் போன் கிடந்ததைப் பார்த்து, நேரே இங்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். செல்லக்கிளி விசாரித்து வந்தபோது அவள் கடையில் இல்லாததற்குக் காரணம், இங்கே சன்னலில் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றதுதான்.

செல்லக்கிளி கையை நீட்டினாள். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தொடாதீங்க. இது காணாமப் போன செல்லக்கிளியோட போன். எங்களுக்குக் கிடைச்சிருக்கிற ஒரே தடயம்."

"நாந்தான்யா செல்லக்கிளி!"

"நீங்க அஞ்சடி."

சரண்யாதேவி கையெடுத்துக் கும்பிட்டாள். என் மகள் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. "சார், போன் உங்ககிட்டயே இருக்கட்டும். மெசேஜ் வந்திருக்கான்னு மட்டும் நீங்களே பாத்துச் சொல்லுங்க. என்ன தேதின்னு மட்டும்."

"ஒரு காணாமப் போன பெண்ணோட அந்தரங்கத்தை நான் படிக்கிறதா? என்னம்மா பேசறீங்க நீங்க? பெண்கள் பாதுகாப்பு எங்க முதல் கொள்கை."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டிலிருந்த போன் கிணுங்கியது. மெசேஜ் வந்திருக்கிறது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். மகள் அந்தக் கவிழ்ந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வருகிற வழியில் பஸ்ஸில் சான்றிதழ்ப் பை அவள் மடியில் இருந்தது. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் அந்த வாரமெல்லாம் அதைத் தோளை விட்டு இறக்காமல் திரிந்தாள்.

அடுத்து சுவரொட்டி வந்தது. 'காணவில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஆதார் கார்டில் இருக்கிற செல்லக்கிளியின் படத்தை அச்சடித்து, கீழே மனுவில் எழுதியதை அப்படியே சேர்த்து, கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டிவிட்டார்கள். ஆதார் படம் என்பதால் அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அது ஒன்றுதான் அதில் ஆறுதல். ஆனால் பேரைப் படித்துவிட்டு மச்சினன் ஆள் திரட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"எங்கக்காவ அடிச்சே முடிச்சிட்டியாமே மாமா! மூணு பேரு சேந்து அடிச்சீங்களாமே!"

"உள்ள போயிப் பாரு மாப்ள. ஒங்கக்கா ஒனக்குத்தான் சோறு வடிக்கிறா."

உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டும் என்னை நம்பாத பார்வைதான் பார்த்தான். "அந்த மொதப் பொண்டாட்டி யாரு மாமா?" என்று போகும்போது கேட்டான். அதை இவள் காதில் விழுகிற மாதிரிக் கேட்டான்.

ஒரு நாள் ரோகிணியே போன் செய்தாள். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறாராம். மீட்பு மகிழ்ச்சி விழாவாம். அதற்குள் ஒரு ஆளாவது மீட்கப்பட்டிருக்க வேண்டுமாம். இந்த மாதம் மாடு ஒன்றுதான் கிடைத்திருக்கிறதாம், அதுவும் தானாக வீட்டுக்குப் போய்விட்டதாம்.

"அம்மாவக் காலையில வைகைப் பாலத்துக்கு அடியில வந்து நிக்கச் சொல்லுங்க. சோகமா நிக்கணும். எங்க டீம் வந்து கண்டுபிடிச்சுக்கும். விழா முடிஞ்சதும் மனு முடிஞ்சிரும், போன் விசயத்தைப் பேசிக்கலாம்."

"ஒயரம் பொருந்தாதேம்மா?"

"சார் பாத்துட்டார். மீட்புக்கு அப்புறம் நல்ல சாப்பாடு போட்டதில வளந்துட்டாங்கன்னு குறிப்பு எழுதியாச்சு."

செல்லக்கிளி மாட்டேன் என்றாள். மகள் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனாள்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. பாலத்துக்கு அடியில் நிழலுக்கு ஆடுகள் ஒதுங்கியிருந்தன. ஜீப் வந்து நின்றது. நாலு பேர் இறங்கி, எதிரே நிற்கிற செல்லக்கிளியை விட்டுவிட்டு, படம் எடுக்கிறவருக்காக அங்குமிங்கும் கொஞ்ச நேரம் தேடினார்கள். பிறகு ஒருவர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். வெளிச்சம் சரியில்லை என்று படக்காரர் சொன்னதால் அவளை மறுபடியும் தொலைத்துவிட்டு மறுபடியும் கண்டுபிடித்தார்கள்.

அங்கிருந்து நேரே கல்யாண மண்டபம். மேடையில் செல்லக்கிளிக்கு ஒரு நாற்காலி. குடும்பம் ஒன்றுசேர்கிற படம் வேண்டும் என்று எனக்கும் மகளுக்கும் பின்னால் நிற்க இடம். முன்னால் மேசையில் பட்டுத்துணி விரித்து, மேலே அந்த எவர்சில்வர் தட்டு. தட்டில் போன். 'இந்தத் தடயத்தால் மீட்கப்பட்டார்' என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். பெரிய அதிகாரி பார்க்கும்போது திரை எரிய வேண்டும் என்று சார்ஜ் முழுக்கப் போட்டிருந்தார்கள்.

பெரிய அதிகாரி வந்து சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. சாப்பிட்டுவிட்டு மேடை ஏறினார். வெங்கடேஷ்பாபு மைக்கைப் பிடித்தார்.

"இந்தச் சகோதரி யார்? குடும்பமே சேர்ந்து அடித்ததில் பேச்சுமூச்சு இழந்தவர். இன்றைக்கு அதே குடும்பத்திடம் அவரை ஒப்படைக்கிறோம்! இதுதான் எங்கள் மையத்தின் மனிதநேயம்! இவர் எங்கே போனார், ஏன் போனார் என்று நாங்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்பது எங்கள் வழக்கமே இல்லை. காணாமல் போனவர்களை நாங்கள் எண்ணிக்கையாகப் பார்ப்பதில்லை. இந்த ஆண்டின் நானூற்றுப் பதினேழாவது மீட்பு இவர்!"

கை தட்டினார்கள். தட்டும்போதே மேசையில் போன் கிணுங்கித் திரை எரிந்தது. மகள் என் பக்கத்தில் நின்றவள், முன்னால் சாய்ந்து எட்டிப் படித்தாள். அவள் கை என் கையைப் பிடித்தது.

"அப்பா. இன்னைக்குத்தான். திருநகர் பள்ளிக்கூடத்துல. சாயங்காலத்தோட முடியுது. இது கடைசி நினைவூட்டல்னு போட்டிருக்கு. இதுக்கு முன்ன அனுப்பினதெல்லாம் இந்தத் தட்டுலயே இருந்திருக்கு."

செல்லக்கிளி காதிலும் அது விழுந்துவிட்டது. அவள் எழுந்தாள். பொன்னாடையைச் சரி செய்துகொண்டாள். தட்டிலிருந்த போனை எடுத்து இடுப்பில் செருகினாள். மகள் கையைப் பிடித்து மேடையை விட்டு இறங்கி, நடுவழியாக நடந்தாள். விழா முடிந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு தரம் கை தட்டினார்கள். வாசலில் ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

பெரிய அதிகாரி என் பக்கம் திரும்பி, "காணாமல் போன உங்கள் துணைவியாரைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்றார். நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு கையையும் நீட்டிப் பெற்றுக்கொண்டேன். படம் எடுத்தார்கள்.

மீட்கப்பட்டவள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் கணக்கு முடிந்துவிட்டது. தட்டு காலியானதைத்தான் ரோகிணி பார்த்துவிட்டுக் கத்தினாள்.

திருநகரில் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தப் போன ஆளின் கைக்கு அடியில் நுழைந்து, இவர்கள் உள்ளே போய்விட்டார்கள். சரிபார்ப்பு முடிந்தது. வேலை உத்தரவும் இதே நம்பருக்குத்தான் வரும், நம்பரை மாற்ற வழியில்லை, போனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்த அம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஒரு வாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. வெங்கடேஷ்பாபுவும் ரோகிணியும் இறங்கினார்கள். முகம் தொங்கியிருந்தது. பிழையில்லா அலுவலகத்தில் தடயம் காணாமல் போயிருக்கிறது. மையத்தின் மீது மையத்திலேயே மனு கொடுத்து, மையமே பதிந்து, மையமே தேடுகிறதாம்.

செல்லக்கிளி நாற்காலி போட்டு, மோர் கொடுத்தாள்.

"அன்னைக்கு மேடையில நீங்க மூணு பேரும் பக்கத்துல இருந்தீங்க. யாராவது சந்தேகப்படுற மாதிரி ஆள் வந்தாங்களா?" என்று வெங்கடேஷ்பாபு கேட்டார்.

"நெறையப் பேரு வந்தாக சார். அம்புட்டுப் பேரும் ஆபீசருக" என்றேன்.

அவர் தலையாட்டினார். ரோகிணி எழுதிக்கொண்டாள். "எடுத்தவன் இன்னும் சிம்மை மாத்தல. அதுதான் நமக்கு நல்லது" என்று சொல்லித் தன் போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டுக் காதில் வைத்தார்.

செல்லக்கிளியின் இடுப்பில் நாதஸ்வரம் அடித்தது. மகள் வைத்துக்கொடுத்த சத்தம். தெருமுனை வரைக்கும் கேட்கும். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். செல்லக்கிளி செம்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

வெங்கடேஷ்பாபு எரிச்சலோடு நிமிர்ந்தார்.

"அம்மா, உங்க போனைக் கொஞ்சம் அமத்துறீங்களா? நாங்க இங்க முக்கியமான நம்பருக்கு அடிச்சுட்டிருக்கோம். உங்க சத்தத்துல அங்க ரிங் போகுதா இல்லையான்னே கேக்கல."

செல்லக்கிளி செம்பைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்து, அவருக்கு எதிரிலேயே சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

வெங்கடேஷ்பாபு தன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். ரோகிணி பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்:

"கட் பண்ணிட்டான். எழுதிக்கங்க. நாம நெருங்கிட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."